வரதராசாவின் வயலினுக்கு நான் சொன்ன விலை

வயலின் வாங்கப் போகிறவர்கள் அநேகமாக முதலில் அதன் பளபளப்பைத்தான் பார்க்கிறார்கள். அது பிழை. வார்னிஷை யாரும் பூசலாம். விளிம்பைச் சுற்றி ஓடும் கறுப்புக் கோட்டைத்தான் பார்க்கவேண்டும். மலிவான வயலினில் அது மையால் கீறிய கோடு. நல்லதில் மெல்லிய மரத்தை வெட்டிப் பதித்திருப்பார்கள். நகத்தால் தடவினால் தெரிந்துவிடும். உள்ளே ஒட்டியிருக்கும் கடதாசியில் எவ்வளவு பெரிய பெயர் இருந்தாலும் நம்பக்கூடாது. கடதாசி அச்சடிப்பது வயலின் செய்வதைவிடச் சுலபம். கடைசியாக, யாரையாவது வாசிக்கச் சொல்லிவிட்டுப் முப்பது அடி தள்ளிப்போய் நின்று கேட்கவேண்டும். வாசிப்பவரின் காதடியில் எல்லா வயலினும் நன்றாகத்தான் இருக்கும்.

மன்னியுங்கள் மிஸ். வரதராசாவைத் தேடுகிற லோயர் நீங்கள்; நீங்கள் கேட்டது வேறு. வரதராசா காணாமற்போன மறுநாள் திகதியிட்ட பற்றுச்சீட்டில் என் கையெழுத்து எப்படி வந்தது என்று கேட்டீர்கள். இங்கிருந்து தொடங்கினால்தான் அது எனக்குச் சொல்ல வரும். நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், நான் ஆறுதலாகவே சொல்கிறேன்.

என் பெயர் கதிர்காமநாதன். வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில் குடியிருக்கிறேன். அரசாங்கத் திணைக்களம் ஒன்றில் முப்பத்தொரு வருடம் எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்றவன். வயலின் சுமாராக வாசிப்பேன். ஆனால் வாத்தியங்களை மதிப்பிடுவதில் என்னை மிஞ்ச அப்போது கொழும்பில் ஆளில்லை என்று சொல்வார்கள். பிள்ளைக்கு வீணையோ மிருதங்கமோ வாங்க நினைக்கிற வெள்ளவத்தைக் குடும்பங்கள் என்னையும் கூட்டிக்கொண்டுதான் புறக்கோட்டைக்குப் போவார்கள். அதற்காக நான் ஒரு சதமும் வாங்கியதில்லை. கடைக்காரர் என்னைக் கண்டதும் சொல்ல வந்த விலையை விழுங்கிவிட்டு வேறொன்று சொல்வார். “கதிர்காமநாதனை ஏமாத்த ஏலாது” என்று சனங்கள் கதைப்பது என் காதில் விழும். அது எனக்கு மிகவும் பிடிக்கும். எவ்வளவு பிடிக்கும் என்பது எனக்கே அந்த வருடம்தான் தெரிந்தது.

கொழும்புக் கோட்டையில் குண்டு வெடித்த வருடம், தொண்ணூற்றாறு. வடக்கிலிருந்து வந்து லொட்ஜ்களில் தங்கியிருந்தவர்கள் பொலிசில் பதிந்து, என்ன காரணத்துக்காக எத்தனை நாள் தங்குகிறோம் என்று துண்டு வாங்கி வைத்திருக்கவேண்டும். துண்டின் திகதி முடிந்தால் திரும்பப் போய் நிற்கவேண்டும். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்தது. வரதராசா அந்த வைகாசியில்தான் என் வீட்டுக்கு வந்தார். யாழ்ப்பாணத்தில் வயலின் படிப்பித்தவர், நாற்பது வயதிருக்கும். சனமெல்லாம் ஊரை விட்டு நடந்தபோது அவரும் மனைவி நேசமலரும் நடந்து, வன்னியில் ஏழு மாதம் இருந்து, வவுனியாவால் கொழும்புக்கு வந்து, கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜில் அறை எடுத்திருந்தார்கள். கனடாவிலிருந்த தம்பி விசாக் கடதாசி அனுப்பும்வரை காத்திருப்பதாகச் சொன்னார்கள். வயலினின் குதிரை, அதாவது தந்திகளைத் தாங்கி நிற்கும் அந்தச் சிறிய பலகைத்துண்டு, வழியில் உடைந்துபோயிருந்தது. அதைச் செய்விக்க யாரோ என் விலாசத்தைக் கொடுத்திருக்கிறார்கள்.

“சட்டி பானை எல்லாத்தையும் விட்டுட்டு இதைத்தான் பாயிலை சுத்திக்கொண்டு வந்தவர், அண்ணை,” என்றார் நேசமலர். “என்ரை கையைக்கூடப் பிடிச்சுக் கூட்டிவரேல்லை. ரெண்டு கையும் வயலினிலை.”

வரதராசா வெட்கத்தோடு சிரித்தார்.

நான் பெட்டியைத் திறந்தேன். முப்பது வருடமாக வாத்தியங்களில் பிழை பிடித்துப் பழகிய கை என்னுடையது. அந்த வயலினில் அதற்கு வேலை இருக்கவில்லை. நூறு வருடத்துக்குக் குறையாத ஜெர்மன் வேலை. மேற்பலகையில் ஒரு பழைய வெடிப்பு இருந்தது. யாரோ கைதேர்ந்தவன் ஒட்டியிருந்தான், அதனால் ஒரு கேடுமில்லை. கைவசமிருந்த ஒரு குதிரையை வைத்துத் தந்தியேற்றி, அவரை வாசிக்கச் சொல்லிவிட்டுக் கோடிப்பக்கம் போய் நின்றேன். உள்ளே படித்துக்கொண்டிருந்த என் மகள் அருந்ததி எழுந்து வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு அப்போது பதினேழு வயது. நல்ல கை அவளுக்கு. அவளிடம் இருந்ததோ சீனாவில் செய்த வயலின்.

வாசித்து முடித்ததும் வரதராசா கேட்டார்: “அண்ணை, இதை விக்கிறதெண்டா என்ன பெறும்?”

அறுபதாயிரத்துக்குக் குறையாது என்று எனக்குத் தெரியும். எண்பது கொடுத்து வாங்குபவனும் நட்டப்படமாட்டான்.

“நல்ல சாமான்தான்,” என்றேன். “ஆனா மேல்பலகை வெடிச்சு ஒட்டின சாமான். கூடினா இருபத்தையாயிரம். விக்கிறதெண்டா நானே எடுக்கிறன், பிள்ளைக்கு.”

என்னிடம் பணம் இல்லாமல் இல்லை. அதையும் எழுதுங்கள். முழுப் பெறுமதியைக் கொடுத்து வாங்கியிருந்தாலும் என் வீட்டு அடுப்பு எரிந்திருக்கும். ஆனால் முழு விலையை முதற்பேச்சிலேயே சொல்வது எனக்கு என் பெயரை நானே அழிப்பதுபோல இருந்தது. முதலில் குறைத்துச் சொல்வது, பிறகு ஏறுவது, அதுதான் வழமை.

அவர் ஏற விடவில்லை. “அப்ப இருக்கட்டும் அண்ணை, விக்கேல்லை,” என்று சொல்லி வயலினைப் பெட்டிக்குள் வைத்தார். கோபம் ஏதுமில்லை. ஒரு சிறிய சிரிப்பு மட்டும். நான் பொய் சொன்னது அவருக்குத் தெரிந்துவிட்டது. அதைச் சொல்லிக் காட்டாமல் விட்டார். சொல்லியிருந்தால் நான் வெட்கப்பட்டு விலையைக் கூட்டியிருப்பேன், எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். இதை நான் அவர்மேல் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் பல தடவை யோசித்திருக்கிறேன்.

மூன்று கிழமை கழித்து உலகப்பன் வந்தார். புறக்கோட்டையில் துணி வியாபாரம் செய்கிறவர். இந்தியப் பக்கத்துக் குடும்பம், பழைய பழக்கம். அவருடைய இரண்டு பெண்களுக்கும் வீணை வாங்கிக் கொடுத்ததே நான்தான்.

“அண்ணே, கொட்டாஞ்சேன லொட்ஜுல ஒரு வாத்தியாரு வயலின் வெச்சிருக்காராமே. அறுபது சொல்றாரு. மருமகனுக்குக் குடுக்கணும். சனிக்கெழம நீங்க கூட வந்து ஒரு வார்த்த சரின்னு சொல்லிட்டா எடுத்துடுவேன். ஞாயித்துக்கெழம மெட்ராஸ் போறேன், வர மூணு மாசமாகும்.”

சரி என்றேன். வேறென்ன சொல்வது? அவர் போனபிறகு விறாந்தையில் இருந்து யோசித்தேன். சனிக்கிழமை அந்த அறையில், வரதராசாவும் நேசமலரும் பார்த்துக்கொண்டிருக்க, நான் ஒரு விலை சொல்லவேண்டும். அறுபது பெறும் என்று சொன்னால், மூன்று கிழமைக்கு முன் இருபத்தைந்து சொன்னவன் நான். இருபத்தைந்து என்றே சொன்னால், உலகப்பன் இன்னொருவரிடம் காட்டாமல் விடமாட்டார். கதிர்காமநாதன் அகதியாக வந்த மனிதனின் வாத்தியத்தைத் தட்டிப்பறிக்கப் பார்த்தான் என்று மறுநாளே வெள்ளவத்தை முழுக்கத் தெரிந்துவிடும். எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தச் சிறிய சிரிப்பு இருந்தது. சனிக்கிழமை வராமல் இருந்தால் போதும் என்று தோன்றியது. நான் விரும்பியது அவ்வளவுதான். ஒரு சனிக்கிழமை.

புதன்கிழமை நான் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். லொட்ஜ் அறையில் ஒரு கட்டில், ஒரு மேசை, ஜன்னலில் காயப்போட்ட துணி. நேசமலர் மண்ணெண்ணெய் அடுப்பில் பிளேன்டீ போட்டுத் தந்தார். புதுக்குதிரை சரியாக உட்காரவில்லை, கொண்டுபோய் வேறொன்று செதுக்கிப் போட்டுத் தருகிறேன், சனிக்கிழமை வாங்குகிறவர் குறை சொல்லக்கூடாது என்றேன். வரதராசா உடனே பெட்டியை என் கையில் தந்தார். என்னைச் சந்தேகிக்கவில்லை. இருபத்தைந்து சொன்ன ஆளைச் சந்தேகிக்காமல் எப்படி இருந்தார் என்று எனக்கு விளங்கவில்லை. விலை பேசுவதில் பொய் சொல்கிறவன் மற்றதிலெல்லாம் நல்லவனாக இருக்கலாம் என்று நினைத்திருப்பார்.

பிறகு கதை கதையாகப் போயிற்று. துண்டின் திகதி திங்களோடு முடிந்துவிட்டதாகவும், பொலிசில் லைன் நீளம் என்று வெள்ளிக்கிழமை போக இருப்பதாகவும் சொன்னார். இன்னொன்றும் சொன்னார். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார்.

“ஊரிலை இருக்கேக்கை ஒருநாள் இயக்கப் பெடியள் வந்து பாட்டுப் பதிவுக்கு வயலின் வாசிக்கக் கேட்டவங்கள் அண்ணை. மாட்டன் எண்டு சொல்லேலுமே? ஒரே ஒரு நாள். ரெண்டு பாட்டு. அதை நினைச்சா இப்பவும் ஆமிக்காரரைக் காணேக்கை நெஞ்சு இடிக்குது.”

“அதை ஒருத்தரிட்டையும் சொல்லாதையுங்கோ,” என்றேன். அக்கறையோடுதான் சொன்னேன்.

வயலினை வீட்டுக்குக் கொண்டுவந்து அலுமாரிக்கு மேல் வைத்தேன். அது அன்று என் வீட்டில் இருந்தது தற்செயல் என்று நாலு வருடமாக எனக்கு நானே சொல்லிவந்திருக்கிறேன். இன்று உங்களிடம் ஒழுங்காக வரிசைப்படுத்திச் சொல்லும்போது அது தற்செயலாகத் தெரியவில்லை. அறையைச் சோதிக்க வருகிறவர்கள் வயலினையும் எடுத்துக்கொண்டு போவார்கள் என்பது எனக்குப் புதன்கிழமையே தெரிந்திருக்கவேண்டும்.

எனக்கு ஒரு சிங்கள சப் இன்ஸ்பெக்டரைத் தெரியும்; தமிழும் கதைப்பார். அவருடைய மகளுக்கு மருதானையில் ஓர் ஓர்கன் வாங்கிக் கொடுத்தேன். கடைக்காரன் சொன்னதில் மூன்றில் ஒரு பங்கு குறைத்து. அதிலிருந்து எங்கே கண்டாலும் நின்று கதைப்பார். அவருடைய பெயரையும் அப்போது அவர் இருந்த பொலிஸ் நிலையத்தையும் இந்தக் கடதாசியில் எழுதி வந்திருக்கிறேன். வாயால் சொல்ல எனக்கு வரவில்லை. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அவரைப் போய்ப் பார்த்தேன். ஓர்கன் எப்படி என்று கேட்டேன். மகள் நன்றாக வாசிக்கிறாள் என்றார். அந்த லொட்ஜில் துண்டு முடிந்த ஆட்கள் இருப்பதாகக் கேள்விப்பட்டேன் என்று சொல்லி, அறை இலக்கத்தைச் சொன்னேன். அந்த நாட்களில் துண்டு முடிந்தவர்களைக் கொண்டுபோய் இரண்டு மூன்று நாள் வைத்துவிட்டு, விசாரித்து விடுவார்கள். அது சாதாரணம். வெள்ளி கொண்டுபோனால் திங்கள் விடுவார்கள், உலகப்பன் ஞாயிறு போய்விடுவார். என் கணக்கு அவ்வளவுதான்.

அவர், “ஹரி, ஹரி, பாப்பம்,” என்று சிங்களத்தில் சரி போட்டார். ஆர்வமில்லாமல்தான் சொன்னார். மேசையில் கிடந்த வேறு கடதாசியை எடுக்கப் போனார். துண்டு முடிந்தவர்கள் கொழும்பில் ஆயிரம்பேர் இருந்தார்கள். அவர் மறந்துவிடுவார் என்று எனக்குப் பட்டது. சனிக்கிழமைக்கு ஒரு நாள்தான் இருந்தது.

ஆகவே மற்றதையும் சொன்னேன். அந்த ஆள் ஊரில் இயக்கத்துப் பாட்டுகளுக்கு வயலின் வாசித்தவர் என்று. ஒரே ஒரு நாள் என்றோ, வற்புறுத்திக் கூட்டிப்போனார்கள் என்றோ நான் சொல்லவில்லை. அவர் கடதாசியைக் கீழே வைத்துவிட்டு, இரண்டாம் தரம் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார்.

இந்த ஒரு வசனத்தை நான் இதுவரை யாருக்கும் சொன்னதில்லை மிஸ். என் மனைவிக்கும் தெரியாது.

வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு லொட்ஜுக்கு எதிரே பேக்கரி வாசலில் நின்றேன். ஏன் போனேன் என்று கேட்டால் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. பாணும் வாங்கினேன். நீல ஜீப்பில் நாலு பேர் வந்தார்கள். என் சப் இன்ஸ்பெக்டரும் இருந்தார். நேசமலர் அறையில் இல்லை. கனடாவுக்குக் கோல் எடுக்கப் போயிருந்தார் என்று பிறகு அறிந்தேன். வரதராசாவைச் சாரத்தோடும் சேர்ட்டோடும் கூட்டி வந்தார்கள். ஜீப்பில் ஏறும்போது தெருவைப் பார்த்தார். என்னைக் கண்டார். அவருடைய முகம் தெளிந்தது. தெரிந்த ஒருவன் நிற்கிறான் என்ற ஆறுதல்.

“அண்ணை, மலரிட்டைச் சொல்லிவிடுங்கோ,” என்றார். சத்தமாகக்கூட இல்லை. 

நான் தலையாட்டினேன்.

நான் சொல்லவில்லை. நேசமலர் வந்தபோது லொட்ஜில் யாரும் எதையும் பார்த்திருக்கவில்லை. மனேஜர் குளித்துக்கொண்டிருந்தாராம், பக்கத்து அறைக்காரர் நித்திரையாம். பேக்கரியிலும் ஒருவரும் காணவில்லையாம். அந்தத் தெருவில் அன்று கண்ணுள்ள மனிதன் நான் ஒருவன்தான்.

மறுநாள் காலை நேசமலர் வெள்ளவத்தைக்கு வந்தார். செருப்பு மாறிப் போட்டிருந்தார்.

“அண்ணை, இவரை ஆரோ கொண்டு போட்டாங்கள். பொலிசிலை கேட்டா, அப்பிடி ஒருத்தரையும் பிடிக்கேல்லையாம். எந்தப் பொலிஸ் எண்டே தெரியேல்லை. நான் எங்கை போய்த் தேடுறது?”

எங்கே என்று எனக்குத் தெரியும். அப்போதே சொல்லியிருந்தால், அந்த நிலையத்தில் போய் நின்று, நான் கண்டேன், இன்ன ஆள்தான் ஏற்றினார், என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அவர்களால் இல்லையென்று சொல்லியிருக்க முடியாது. நீங்கள் அதைத்தான் இந்த நாலு வருடமாகத் தேடுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும்: கண்ட ஒரு சாட்சி. நான் அவருக்குத் தேநீர் கொடுக்கச் சொன்னேன்.

உலகப்பனுக்குக் கோல் எடுத்து, வாத்தியாரைப் பொலிஸ் பிடித்துவிட்டது என்றேன். “நமக்கெதுக்குண்ணே பொல்லாப்பு,” என்று அவர் வைத்துவிட்டார். அதன்பிறகு நேசமலரே கேட்டார். லோயருக்கும் அங்குமிங்கும் ஓடுவதற்கும் கையில் ஒன்றுமில்லை, வயலின் உங்களிடம்தானே இருக்கிறது, எடுத்துக்கொண்டு ஏதாவது தாருங்கள் என்று. பதினையாயிரம் கொடுத்தேன்.

ஆமாம், முன்பு சொன்னதிலும் குறைவு. அவசரத்தில் விற்கிற பொருளுக்கு விலை இறங்கும்; எந்தச் சந்தையிலும் அப்படித்தான். அவர் எண்ணிப் பார்க்கவில்லை. “நீங்கள் சொன்னாச் சரி அண்ணை,” என்று சொல்லிக் கையெழுத்து வைத்தார். சட்டப்படி இருக்கட்டும் என்று நானும் வைத்தேன். நீங்கள் கண்டுபிடித்த பற்றுச்சீட்டு அதுதான். அன்று சனிக்கிழமை.

திங்கள் வந்தது, வரதராசாவை விடவில்லை. இரண்டு கிழமை கழித்து நான் சப் இன்ஸ்பெக்டரைத் தேடிப் போனேன். போனேன், அதையும் எழுதுங்கள். அவர் என்னை வாசலிலேயே நிறுத்தி, “மாத்தயா, அந்தக் கதையை விட்டிருங்க. உங்கட பேரும் புத்தகத்தில இல்ல, அவர்ட பேரும் இல்ல,” என்றார். எனக்கு முதலில் வந்தது ஆறுதல். என் பெயர் இல்லை என்பது. அவருடைய பெயர் இல்லையென்றால் என்ன பொருள் என்பது வீட்டுக்கு நடக்கும்போது, காலி வீதியைக் கடக்கும்போதுதான் விளங்கியது. ஒரு பஸ் அடித்தாற்போல வந்து நின்றது. சாரதி ஏசினார்.

அதற்குப் பிறகு நான் அந்தப் பெண்ணுக்குச் செய்யக்கூடியதெல்லாம் செய்தேன். மனுக்கள் நான்தான் எழுதினேன். உங்கள் கோப்பில் இருக்கும் நாற்பத்தொரு ஆங்கிலக் கடிதமும் என்னுடையவை. நல்ல ஆங்கிலம் என்று நீங்களே சொன்னீர்கள். ஒவ்வொன்றிலும் ‘அடையாளம் தெரியாத நபர்களால்’ என்று எழுதினேன். முதல் கடிதத்தில் அந்த இடத்தில் பேனா நின்றது. பிறகு நிற்கவில்லை.

நேசமலர் தையல் தைத்துச் சீவித்தார். கடிதத்துக்குக் காசு வாங்கமாட்டேன் என்று சொன்னதால், அருந்ததியின் கச்சேரிக்குச் சட்டை தைத்துத் தந்தார். தொண்ணூற்றெட்டில் வெள்ளவத்தையில் ஒரு மண்டபத்தில் அருந்ததி வாசித்தாள், அந்த வயலினில். நேசமலர் மூன்றாவது வரிசையில் இருந்து முழு நேரமும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். நான் மண்டபத்தின் பின்சுவர் வரை போய் நின்று கேட்டேன். நாதம் அவ்வளவு தூரத்துக்கும் குறையாமல் வந்தது. அந்த நேரத்தில் எனக்கு வந்த எண்ணத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் எல்லாம் சொல்வதாகத்தான் வந்தேன். பதினையாயிரத்துக்கு இது கிடைக்காது என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வரும் வழியில் அருந்ததி கேட்டாள்: “அப்பா, வரதராசா மாஸ்டர் திரும்பி வந்தா என்ன செய்யிறது? இதைக் குடுக்கத்தானே வேணும்?”

“வந்தாக் குடுப்பம்,” என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். அதன்பிறகு அந்தக் கேள்வியை அவள் கேட்கவில்லை. வயலினையும் பெட்டியை விட்டு அதிகம் எடுக்கவில்லை. போன மாதம் கலியாணமாகி லண்டனுக்குப் போனாள். வயலினை நான்தான் வற்புறுத்திக் கொண்டுபோகச் செய்தேன். நான் இன்று வாய் திறப்பதற்கும் அவள் பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததற்கும் சம்பந்தமில்லை. மனச்சாட்சிக்காகத்தான் சொல்கிறேன்.

ஆகவே, சத்தியக்கடதாசியில் இப்படி எழுதுங்கள். வரதராசாவைப் பிடித்தவர்களை எனக்குத் தெரியும். பிடிக்கச் சொன்னவன் நான். அவர் என்னை நம்பிச் சொன்னதை வைத்தே பிடிக்கச் சொன்னேன். பிடிக்கும்போது பார்த்துக்கொண்டு நின்றேன். தேடியவரிடம் நாலு வருடம் மறைத்தேன். காரணம், ஒரு வயலினுக்கு நான் பிழையான விலை சொன்னது வெளியே தெரியக்கூடாது என்பது. வேறு காரணம் தேடிப் பார்த்தேன். இல்லை.

இன்று என்னை இங்கே கூட்டிவந்தது நேசமலர்தான். ஓட்டோக் காசையும் அவரே கொடுத்தார். என்னுடைய முழங்காலுக்குப் படி ஏறக் கஷ்டம் என்று கையைப் பிடித்து ஏற்றிவிட்டார். வெளியே வாங்கில் இருக்கிறார். தன் கணவர் நல்ல மனிதர் என்று நான் உங்களுக்குச் சாட்சி சொல்லிக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொண்டிருப்பார். கொண்டுவாருங்கள், கையெழுத்து வைக்கிறேன். இதை நீங்கள்தான் அவருக்கு வாசித்துக் காட்டவேண்டும். பின்பக்கத்தால் ஒரு வழி இருப்பதாக உங்கள் பியோன் சொன்னார். நான் அதால் இறங்கிப் போகிறேன். எனக்காக இல்லை மிஸ். இப்படியொன்றைக் கேட்கும்போது பக்கத்தில் பிறத்தி ஆள் இல்லாமல் இருப்பதுதான் அவருக்கு மரியாதை.